எந்தக் கம்பெனி?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். வேலைவாய்ப்பு முகாம் நல்ல காரியம், பிள்ளைகள் ஓடியாடி உழைத்தார்கள், மீ கோரெங் கூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மைக் பிடித்த பிரமுகர், "பட்டாளத்திலிருந்து வந்தவங்களுக்கு என்னங்க கவலை, அதான் ஜாகா வேலை இருக்கே!" என்றதும் மண்டபமே சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் என் மகள்.

ஜாகா வேலையை, அதாவது காவல்காரர் வேலையை, நான் மட்டம் தட்டவில்லை. நானே எட்டு மாதம் பார்த்தவன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்காமலே ஏன் கேட்டைக் காட்டுகிறீர்கள்?

அங்கே ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். 'அனுபவம்' என்ற இடத்தில் இரண்டே கோடு. "ராணுவம், 21 ஆண்டு" என்று எழுதிக் கொடுத்தேன். மேசையில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி, அங்கிள்?" என்றாள். நானும் பழக்கதோஷத்தில் "கொம்பெனி மார்காஸ்" என்றேன், அதாவது மலேசியப் பட்டாளத்தில் தலைமையகப் பிரிவு. அவள் அதையே எழுதிக்கொண்டாள். பாவம், அவள் மேல் தப்பில்லை.

அந்த கொம்பெனி மார்காஸில் நான் வண்டிப் பிரிவு சார்ஜன். மூன்று டன் லோரிகள், ஓட்டுநர்கள், டீசல் கணக்கு, எந்த வண்டி எப்போது சர்வீஸ் என்ற அட்டவணை எல்லாம் என் தலையில். கெரிக் பக்கம் காட்டுப்பாதையில் நடுராத்திரி அச்சு முறிந்த லோரியை விடிவதற்குள் நகர்த்தியிருக்கிறோம். ஐநா பணிக்கு லெபனானும் போய் வந்தேன். இதை இரண்டு கோட்டில் எப்படி எழுதுவது?

2018-ல் வெளியே வந்ததும் செம்பனை ஆலை ஒன்றில் ஜாகா வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரம் கேட்டில். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயின் தரம் இறங்கும். ஆனால் எடைமேடைக்கு முன்னால் லோரிகள் வெயிலில் வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள் ஒரு லோரியின் பின்சக்கரத்திலிருந்து உஸ்ஸ் என்று காற்று கசியும் சத்தம். ஏர் பிரேக். ஓடிப்போய் ஆபீஸில் சொன்னேன். கிராணி (குமாஸ்தா) தலையைக்கூடத் தூக்கவில்லை. "நீ ஜாகாதானே, கேட்டைப் பார்."

சரி, பார்த்தேன்.

பென்ஷன் வருதே என்பீர்கள். வருகிறது. 21 ஆண்டு முடித்த சிப்பாய்க்கு வரும், இடையில் வந்தவனுக்கு வராது. நாற்பது வயதில் வெளியே வருகிறோம், பிள்ளைகள் அப்போதுதான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். உங்களுக்கெல்லாம் ஓய்வு 60 வயதில். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"அரசாங்கம்தான் பயிற்சி கொடுக்குதே?" கொடுக்கிறது. பட்டாளத்தை விட்டு வருவதற்கு முன்னால், முன்னாள் வீரர்களுக்கான அரசு அமைப்பான பெர்ஹெபாட் மூலம் பயிற்சி உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். கையில் தொழில் இருந்தால், அனுபவத்தை ஃபைலாகத் தொகுத்துக் காட்டி சிஜில் கெமஹிரான் என்ற திறன் சான்றிதழ் வாங்கவும் வழி உண்டு. நானும் அப்படித்தான் வாங்கினேன், ஃபைல் செங்கல் கனம் இருந்தது. அதைப் பிரித்துப் படிக்க ஒரு முதலாளி வேண்டாமா?

பட்டாளத்தான் எதற்கும் கத்துவான் என்பதும் பாதி உண்மைதான். இப்போது நான் வேலை பார்க்கும் லோரி பட்டறையில் முதல் மாதம் பையன்களை நானும் அணிவகுப்பில் நிறுத்துவதுபோல விரட்டினேன். "இது பட்டாள கேம்ப் இல்ல," என்றார் தவுக்கே, எங்கள் முதலாளி. அதோடு நிறுத்திவிட்டேன்.

அந்தச் சீனத் தவுக்கே பாரம் எதுவும் கொடுக்கவில்லை. "என்ன தெரியும்?" என்று கேட்டார். பத்து நிமிஷம் சொன்னேன். சுவரில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக் கையில் கொடுத்து, வெளியே நின்ற பழைய லோரியைக் காட்டினார். அவ்வளவுதான் இன்டர்வியூ. இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது. கேட்டது அவர், சிரித்தது நம்ம ஆட்கள்.

இது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டு, இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. பட்டாளம் என்றால் என்ன என்று இந்த ஊருக்கா பாடம் எடுக்க வேண்டும்? அப்படியும் நான் போர்ட் டிக்சன் பயிற்சிக்குக் கிளம்பியபோது தோட்டத்து லயத்தில், "படிப்பு ஏறல, அதான் சோல்ஜருக்குப் போறான்" என்றார்கள். ஆகஸ்ட் கடைசியில் மெர்டேக்கா, சுதந்திர தினம், வந்தால் மட்டும் யூனிபார்ம் போட்டு வா, மேடையில் நில், போட்டோ எடுப்போம். மாலை வேறு. செப்டம்பர் பிறந்தால் பழையபடி ஜாகா.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஒன்றும் பேசவில்லை. டோல் தாண்டிய பிறகு, "அப்பா, நீங்க ஏன் எழுந்து பேசல?" என்றாள். என்ன சொல்வது? இருபத்தோரு வருஷம் மேலிடம் பேசும்போது குறுக்கே பேசாமல் பழகிவிட்டது.

இன்பாக்ஸில் "விடுங்கண்ணே, அவர் தமாஷுக்குச் சொன்னார்" என்கிறவர்களுக்கு ஒன்று. அவருடைய குலை லோரி ஒன்று போன மாதம் எங்கள் பட்டறைக்குத்தான் வந்தது. பிரேக் மாற்றியது நான். வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் என் பெயரைக்கூடக் கேட்டுக்கொண்டு போனார்.