விகற்பம் என்றால் கற்பனை இல்லை

'உலகமே மனக்கற்பனைன்னுதானே பௌத்தம் சொல்லுது?' இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்: விகற்பம்.

புலன்காட்சி என்பது 'கல்பனா' கலவாதது என்றார் பௌத்த தர்க்க அறிஞர் திக்நாகர். விகற்பம் என்றும் சொல்லப்படும் அந்தக் கல்பனா நம் கதை, கவிதைக் கற்பனை அல்ல. கண்ணில் பட்டதோடு பெயர், சாதி (அதாவது இனம், வகை), குணம், செயல், பொருள் இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது. 'பசு' என்றால் சாதி சேர்ந்துவிட்டது. 'வெள்ளை' என்றால் குணம். 'சமைப்பவன்' செயல். 'தடிக்காரன்' என்றால் தடி என்ற இன்னொரு பொருள். பார்த்தது பொய் என்று இதற்கு அர்த்தமே இல்லை.

இதற்கு வடமொழிவரை போகவும் வேண்டாம். மணிமேகலை 29ஆம் காதை, நாம சாதி குண கிரியைகளை விலக்கிவிட்டு, 'சுட்டுணர்வு' மட்டுமே பிரத்தியக்கம், அதாவது புலன்காட்சி, என்கிறது. என்ன அருமையான சொல்! 'இது' என்று சுட்டுவதோடு நின்றுவிடும் உணர்வு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்று அதே ஐந்தை விகற்ப உணர்வுக்குச் சொல்கிறது. கையில் இவ்வளவு இருக்க, 'கற்பனை' என்று மொழிபெயர்ப்பது சோம்பேறித்தனம்.

அடுத்த தவறு, பெயரை உதறினால் உண்மை தெரிந்துவிடும் என்பது. கண்நோய் உள்ளவருக்கு நிலா இரண்டாகத் தெரிகிறது. அதில் சொல்லும் இல்லை, சாதியும் இல்லை, ஆனாலும் தவறு. அதனால்தான் திக்நாகர் வழிவந்த தர்மகீர்த்தி 'பிழையற்றது' என்ற நிபந்தனையையும் வரையறையில் சேர்த்தார்.

'பத்து நிமிடம் நிர்விகற்பத்தில் (விகற்பம் கலவாத அறிவில்) இருந்தேன்' என்பவர்கள் நியாயம் என்ற தர்க்கத் தரிசனத்தைத் துணைக்கு அழைக்க முடியாது. தடியை அறியாமல் 'தடிக்காரன்' என்று அறிய முடியாது. அதுபோலப் பசுத்தன்மையை முன்பே அறியாமல் 'இது பசு' என்ற அறிவு வராது. அந்த முதல் அறிவே நிர்விகற்பம். அதை ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், உள்ளே திரும்பிப் பார்த்தால் சிக்காது என்பது பிற்கால நையாயிகர் நிலை. விகற்பக் காட்சியும் அவர்களுக்கு முறையான காட்சிதான். சோதித்துப் பார்க்க விரும்பினால் தர்மகீர்த்தியிடம் போகலாம்: எண்ணத்தையெல்லாம் ஒடுக்கி, அசையாமல் இருந்தாலும் கண் உருவத்தைக் காண்கிறது என்கிறார்.

யோகசூத்திரம் 1.9இல் வரும் விகற்பமோ வேறு. சொல் மட்டும் உண்டு, அதற்கு ஈடான பொருள் இல்லை. உரை மரபில் வரும் உதாரணம் 'ராகுவின் தலை'. ராகுவே தலைதான், பிறகு யாருடைய தலை? கயிற்றில் தெரிந்த பாம்பு விளக்கு வந்ததும் போய்விடும், அது விபர்யயம், அதாவது பிழையறிவு. விகற்பம் அப்படிப் போகாது. தெரிந்த பிறகும் 'ராகுவின் தலை' என்றேதான் சொல்லிக்கொண்டிருப்போம்.