41-இல் தொடங்கும் சுருள்: மூலைவிட்டம் முழுக்கப் பகா எண்களா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் படம் ஒன்று, 41-ஐ நடுவில் வைத்து உலாம் சுருள் (நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி அடுத்தடுத்த எண்களை எழுதும் கட்டம்) போட்டால், இடது கீழிருந்து வலது மேல் போகும் மூலைவிட்டத்தில் எப்போதும் பகா எண்தான் வரும் என்கிறது. தவறு.

41-உடன் 2, 4, 6 என்று கூட்டிக்கொண்டே போனால் வரும் வரிசை அது: 41, 43, 47, 53... முதல் 40 எண்கள் பகா எண்களே. கணித மேதை ஆய்லர் காலத்திலேயே தெரிந்த சங்கதி. அடுத்தது 1681, அதாவது 41×41. படம் 39×39 கட்டத்தோடு நிற்பதால்தான் ஏமாற்றுகிறது. 41×41 ஆக்குங்கள், இடது கீழ் மூலையில் 1681 உட்கார்ந்திருக்கும்.

இந்தச் சுருளைப் பைத்தான் நிரலில் நீங்களே போட, வலம், மேல், இடம், கீழ் என்று மாறி மாறி 1, 1, 2, 2, 3, 3 கட்டங்கள் நகர்த்துங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நீளத்தைக் கூட்டினால் நடுவே வெற்றுக் கட்டங்கள் விழும். பைத்தான் பட்டியலில் (list) கிடைவரிசையின் எண் (row) கீழே போகப் போக ஏறும். ‘மேல்’ என்றால் அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மறந்தால் படம் தலைகீழாகி, 1681 இடது மேல் மூலைக்குப் போய்விடும்.