வட சென்னை ஒரே ஊர் இல்லை

அலுவலக நண்பர் ஒருவர் வேளச்சேரியில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சென்னைதான். பாரிமுனைக்கு வடக்கே, நான் இருக்கும் வட சென்னைப் பக்கம், ஒரு தடவைகூட வந்ததில்லை. "உங்க ஏரியாவுக்குத் தைரியமா வரலாமாங்க?" என்று போன வாரம் கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்க என்றேன்.

தங்கசாலைத் தெருவில் நடக்க ஆரம்பித்தோம். கடைப் பலகையில் இந்தி, பேச்சில் மார்வாடியும் குஜராத்தியும், கையில் கச்சோரி. கொஞ்சம் தள்ளி ஏழுகிணறு. வள்ளலார் வாழ்ந்த வீராசாமித் தெரு அங்கேதான். அப்புறம் மண்ணடிக்குள் நுழைந்தால் பாங்கு ஒலியும் பிரியாணி வாசமும். அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் ஆர்மீனியர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் நமக்குக் கொண்டுவந்த ருசி அது. ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் போனால், அங்கே பார்சிகளின் அக்னி கோவில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய ஸ்டேஷனும் அங்கேதான்.

இவ்வளவும் ஒரே அரை நாளில். காசிமேடு, திருவொற்றியூர், ஆங்கிலோ இந்தியர்கள் வாழ்ந்த பெரம்பூர் எல்லாம் மிச்சம்.

ஒவ்வொரு பேட்டைக்கும் தனிப் பேச்சு, தனிச் சாப்பாடு, தனிச் சாமி. எல்லாவற்றையும் "வட சென்னை" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அதன்மேல் "ரவுடி ஏரியா" என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். 1918-ல் பின்னி மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடியது இந்த மண்ணில்தான். 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

பெயர் கெட்டதோடு போகவில்லை. மோசமான பகுதிதானே என்ற நினைப்பு இருப்பதால்தான் நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் கூசாமல் இங்கே தள்ளுகிறது என்று நான் நம்புகிறேன். அண்ணாநகர்க் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே தண்ணீரில் எண்ணெயும் கலந்தது. மீனவர்கள் வாளியும் முறமுமாக இறங்கி அதை அள்ளினார்கள். இதே தென் சென்னையில், அடையாற்றில் நடந்திருந்தால் எத்தனை நாள் பேசியிருப்போம்!

ராயபுரத்திலிருந்து கிளம்பும்போது நண்பர் கேட்டார், "அடுத்த வாரம் எண்ணூர் போலாமா?"

காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.