துதிபாடி ஏறிய பல்லக்கு

ரோமப் பேரரசர் திபேரியஸ் பற்றி யார் வாயைத் திறந்தாலும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். போன வாரம் நண்பர் ஒருவரிடம் திபேரியஸ் காலத்திலேயே அவரைப் புகழ்ந்து வரலாறு எழுதிய வெல்லேயஸ் பட்டர்குலஸைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். "அந்த ஜால்ராவையா?" என்றார். அத்தோடு அவருக்குப் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஜால்ராதான், மறுக்கவில்லை. வெல்லேயஸ் எழுத்தாளராக வாழ்ந்தவர் அல்லர், படை அதிகாரி. கி.பி. 4 முதல் ஜெர்மானியாவிலும் டான்யூப் ஆற்றை ஒட்டிய பன்னோனியாவிலும், அப்போது தளபதியாக இருந்த திபேரியஸின் கீழ் பணியாற்றியவர். 15ஆம் ஆண்டு பிரீட்டர் என்ற உயர் நீதிப் பதவிக்கு வந்ததும் அந்தத் தளபதியின் தயவால்தான். 30ஆம் ஆண்டு கான்சலான (ரோமின் மிக உயர்ந்த ஆண்டுப் பதவி) மார்கஸ் வினிசியஸுக்குக் காணிக்கையாக்கிய வரலாற்று நூலில், டிராய் நகரம் வீழ்ந்த காலம் தொடங்கித் தன் காலம் வரை எல்லாவற்றையும் இரண்டே புத்தகங்களில் அடைத்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் "எனக்கு அவசரம்" என்கிறார். விரிவான நூல் ஒன்றைப் பிறகு எழுதுவேன் என்று வாக்கும் கொடுக்கிறார். வாக்கியங்களிலும் அதே அவசரம்: தொடங்கிய வாக்கியத்தின் நடுவே இன்னொன்றைச் செருகி, அதற்குள் ஒரு பாராட்டையும் திணித்து, மூச்சிரைக்க முற்றுப்புள்ளிக்கு வந்து சேர்வார். அரசியல் தலைவர் ஆண்டனி, புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவைக் கொல்லச் செய்ததைச் சொல்லும் இடத்தில் கோபம் தாங்காமல் கதையை நிறுத்திவிட்டு, செத்துப்போன ஆண்டனியை நேரே முன்னிலையில் அழைத்துத் திட்டுகிறார். வகுப்பில் பாடம் நடத்தும்போது இதற்கெல்லாம் மதிப்பெண் குறைப்பார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாம் புத்தகத்தின் பிற்பகுதியைப் பென்சிலும் கையுமாக மறுபடி படித்தேன். எனக்கு லத்தீன் அரைகுறை. பக்கத்தில் மொழிபெயர்ப்பு இல்லாமல் நகர முடியாது. அப்படியும் ஒன்று பிடிபட்டது. பாசறை நாட்களை எழுதும்போது அவர் வாக்கியங்களில் பொருள்கள் இருக்கின்றன. தலைநகரில் நின்று புகழும்போது பொருள்கள் காணாமல் போய், பண்புப் பெயர்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன.

ஜெர்மானியாவின் எல்பே ஆற்றங்கரை, கி.பி. 5. இந்தக் கரையில் ரோமானியப் படை, அந்தக் கரை முழுக்கப் பகைவரின் ஆயுதங்கள் மின்னுகின்றன. அங்கிருந்து வயதான, நெடிய ஒருவர், உடையைப் பார்த்தாலே பெரிய மனிதர் என்று தெரிகிறது, மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஏறித் தனியாக நடு ஆறு வரை செலுத்தி வருகிறார். கரையேறித் தளபதியைப் பார்க்க அனுமதி கேட்கிறார். கிடைக்கிறது. வெகுநேரம் பேசாமல் திபேரியஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு, இதுவரை கேள்விப்பட்டிருந்த தெய்வங்களை இன்று கண்ணாலேயே கண்டேன் என்கிறார். கையைத் தொட்டுக்கொள்ள அனுமதி வாங்குகிறார். மறுபடி ஓடம். தன் கரை சேரும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்.

அந்தத் தெய்வப் பேச்சை நான் நம்பவில்லை. பெரியவர் என்ன பேசினாரோ, மொழிபெயர்த்தவன் எதைச் சொன்னானோ. ஆனால் அந்த ஓடத்தை நம்புகிறேன். திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்தையும் நம்புகிறேன். கரையில் நின்ற ஒருவர் பார்த்திருக்கிறார்.

பன்னோனியப் போரைச் சொல்லும்போது இன்னும் நல்ல இடம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் வழக்கம்போல ஆகா ஓகோ. பிறகு பல்லக்கு வருகிறது. அதிகாரிகளில் யார் நோயில் விழுந்தாலும் திபேரியஸின் சொந்தப் பல்லக்கு அவர்களுக்குப் போய்விடுமாம். அவருடைய மருத்துவர்கள், அவருடைய சமையல், அவருக்காகக் கொண்டுவந்த குளியல் சாமான்கள், எல்லாமே நோயாளிகளுக்கு. நானும் அதில் போயிருக்கிறேன் என்று போகிற போக்கில் சொல்கிறார் வெல்லேயஸ். திபேரியஸோ எப்போதும் குதிரையில்தான் போவாராம். படையெடுப்புக் காலத்தில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம். ரோமப் பிரபுக்கள் சாய்ந்து படுத்துச் சாப்பிடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வினைச்சொல் போதும். காய்ச்சலோடு அந்தப் பல்லக்கில் போன ஆள் தன் தளபதியைப் புகழாமல் வேறென்ன செய்வான்?

டாசிட்டஸின் திபேரியஸ் வேறு ஆள். மனத்தில் ஒன்று, வாயில் ஒன்று, பார்வையிலேயே பழி. ஆனால் டாசிட்டஸ் பிறந்ததே திபேரியஸ் இறந்து ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து. ஒரு செயலைச் சொல்வார், நோக்கம் இதுவாகவோ அதுவாகவோ இருக்கலாம் என்பார், பெரும்பாலும் மோசமானது இரண்டாவதாக வந்து மனத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன ஒரு கை! எனக்கும் அவர் வாக்கியங்கள்தான் ஒசத்தி. அதற்காக அவர் பல்லக்கைப் பார்த்தவர் ஆகிவிட மாட்டார்.

வெட்டிச் சொல்லும் கலை வெல்லேயஸுக்கும் கைவந்ததுதான். கி.பி. 9இல் மூன்று லீஜியன்களை (ரோமப் படைப்பிரிவுகளை) ஜெர்மானியக் காட்டுக்குள் பறிகொடுத்த வாரஸ், அதற்கு முன்பு சிரியாவின் ஆளுநர். அவரைப் பற்றி ஒரே வரி: ஏழையாகச் செல்வச் சிரியாவுக்குள் நுழைந்தார், செல்வராக ஏழைச் சிரியாவை விட்டு வந்தார்.

இந்த மனிதர்தான் திபேரியஸின் ஆட்சியைப் பாடும்போது காலியாகிவிடுகிறார். நேர்மை பொதுமன்றத்துக்குத் திரும்பியது, கலகம் அங்கிருந்து அகன்றது, பூசல் செனட் என்ற ஆட்சிமன்றத்தை விட்டு ஓடியது. ஒரு முகம் இல்லை, ஒரு ஓடம் இல்லை.

நண்பருக்குச் சாதகமான இடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: செஜானஸ். காவற்படைத் தலைவர், திபேரியஸுக்கு அடுத்து ரோமே நடுங்கிய ஆள். அவரைப் புகழும் பகுதியைக் கூச்சமில்லாமல் படிக்க முடியாது. ஆனால் அதற்குள் இரண்டு தொடர்கள் கிடக்கின்றன. தனக்கென்று எதுவும் கேட்காதவர், அதனாலேயே எல்லாவற்றையும் அடைபவர். முகத்தில் அமைதி, மனத்தில் உறக்கமின்மை. இதைப் புகழ்ச்சி என்று நினைத்துத்தான் எழுதினாரா? பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

31ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று செஜானஸைக் குற்றம் சாட்டிய திபேரியஸின் நீண்ட கடிதம் ஒன்று செனட்டில் வாசிக்கப்பட்டது. செஜானஸ் அன்றே கொல்லப்பட்டார். வெல்லேயஸ் எழுதுவதாகச் சொன்ன அந்த விரிவான நூல் வரவில்லை. அவரைப் பற்றியும் அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. முதல் புத்தகத்தில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. மிஞ்சியதும் 1515இல் இன்றைய பிரான்சின் அல்சேஸ் பகுதியில் உள்ள முர்பாக் மடத்தில் கிடைத்த ஒரே ஒரு கையெழுத்துப் படியால்தான். ஐந்தாண்டு கழித்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சானது. பின்னர் அந்தப் படியும் காணாமல் போனது.