90 சதவீதம் புல் என்றால், அது எந்தக் கணக்கில்?

அயர்லாந்தின் புல் மேய்ந்த மாட்டிறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 இறுதியில் புவிசார் குறியீடு கொடுத்தது. முதலில் அயர்லாந்துக் குடியரசுக்கு மட்டும்தான் கேட்டிருந்தார்கள். அப்புறம் வட அயர்லாந்தும் சேர்ந்து, முழுத் தீவுக்கும் கிடைத்தது. இந்த நாட்டில் குடியேறி, இந்த மாடுகளைத் தினமும் வேலியோரம் பார்த்துக்கொண்டு, இந்தக் கறியையே வாங்கிச் சமைக்கிறவன் நான். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் விதிகளைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

விதிகள் சுருக்கமாக இவைதான். மாடு இந்தத் தீவிலேயே பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்டிருக்க வேண்டும். காயடித்த காளையும் கிடாரியும் என்றால் 36 மாதத்துக்குள், பசு என்றால் 120 மாதத்துக்குள். இளங்காளைகளுக்கு இடமில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 220 நாள் வெளியில் மேய வேண்டும். உடல்வாகுக்கும் கொழுப்புக்கும் தனியாகத் தர அளவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தீவனத்தில் குறைந்தது 90 சதவீதம் புல்லாக இருக்க வேண்டும். மேய்ந்த புல், சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த புல்), வைக்கோல் போல உலர்த்திய புல், எல்லாம் அதில் அடக்கம்.

இந்த 90 சதவீதம்தான் என் பிரச்சினை. அதைப் பச்சை எடையில் கணக்கிடுகிறார்கள். அதாவது புல்லை அதிலிருக்கும் தண்ணீரோடு சேர்த்து எடைபோடுகிறார்கள்.

மே மாதம் காலையில் ஒரு பிடி ரைகிராஸ் புல்லைப் பறித்துக் கசக்கிப் பாருங்கள். உள்ளங்கை முழுக்க ஈரம், விரல் இடுக்கில் பச்சைச் சாறு வழியும். அதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். கொட்டகையில் மாட்டுக்குக் கொட்டும் அடர்தீவனக் குச்சியை (தானியமும் பிறவும் சேர்த்து அழுத்திச் செய்தது) கையிலெடுத்து உடைத்தால் பொடிப்பொடியாக உதிரும். அதில் தண்ணீர் எட்டில் ஒரு பங்குதான். இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டுச் சதவீதம் சொல்வது எப்படிச் சரியாகும்?

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோ தீவனத்தில் 90 கிலோ பச்சைப் புல், 10 கிலோ அடர்தீவனம் என்று வைத்துக்கொள்வோம். புல்லில் 18 சதவீதம் உலர்பொருள் என்றால் 16 கிலோ சொச்சம் தேறும். அடர்தீவனத்தில் 87 சதவீதம் என்றால் 8.7 கிலோ. தண்ணீரை நீக்கிவிட்டு, மாட்டின் உடம்பில் சேர்வதை மட்டும் பார்த்தால் புல்லின் பங்கு 65 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே தானியமும் பிற தீவனமும். விதிப்படி இந்த மாடும் 90 சதவீதம் புல் தின்ற மாடுதான். பொட்டலத்தைப் பார்த்து வாங்குகிறவர் மனதில் 65 என்ற எண் எப்படி வரும்?

இது ஏதோ வெளிநாட்டுக்காரன் எழுப்பும் நுணுக்கச் சண்டை என்று நினைக்க வேண்டாம். இங்குள்ள விவசாயிகளே புல்லை உலர் எடையில்தான் அளக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை வயலைச் சுற்றி நடந்து, ஹெக்டேருக்கு 1,400 கிலோ இருக்கிறது, மாட்டை உள்ளே விடலாம் என்று சொல்லும்போது அது உலர்பொருள் கணக்கு. மாட்டுத் தீவன நிபுணர்களும் அப்படித்தான். வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான டீகஸ்க் கறவை மாடுகளின் தீவனத்தை இரண்டு விதமாகவும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறது. பச்சை எடையில் 96 சதவீதம் புல், அதே மாடுகளுக்கு உலர் எடையில் 82. வயலில் ஒரு கணக்கு, ஆய்வில் ஒரு கணக்கு, வாங்குகிறவரிடம் மட்டும் பெரிய எண் வரும் கணக்கா?

என்னை மிகவும் வருத்துவது, இதற்கு அவசியமே இல்லை என்பதுதான். உலர் எடையில் 82 என்பது அற்புதமான எண். விவசாய நிலத்தில் பெரும்பகுதி புல்லாகவே இருக்கும் நாடு இது. மழையும் மிதமான குளிரும் சேர்ந்து, உலகத்தில் வெகு சில இடங்களில் மட்டுமே வளரும் அளவுக்கு இங்கே புல் வளர்கிறது. கறியின் கொழுப்பில் தெரியும் இளமஞ்சள் நிறம் புல்லிலிருக்கும் பீட்டா கரோட்டினால் வருவது. இவ்வளவு இருக்கும்போது உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதுமே.

"குளிர்காலத்தில் கொட்டகையில் அடைத்துத்தான் ஆக வேண்டும், கடைசி மாதங்களில் அடர்தீவனம் இல்லாமல் கொழுப்பு ஏறாது" என்று எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன், அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. ஏனென்றால் அவரை அந்தப் பக்கம் தள்ளுவது மாட்டை வாங்கி அறுக்கும் இறைச்சி ஆலைகளின் விலைப்பட்டியல். 30 மாதத்துக்குள் வந்த மாட்டுக்குத்தான் முழு ஊக்கத்தொகை. 2019ல் விலை கட்டுப்படியாகாமல் விவசாயிகள் ஆலை வாசல்களை மறித்து உட்கார்ந்தது நினைவிருக்கும். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்த உடன்பாட்டில் ஊக்கத்தொகை கிலோவுக்கு 12 சென்டிலிருந்து 20 சென்டானது. 30 முதல் 36 மாத மாடுகளுக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்க வழி பிறந்தது, ஆனால் இளைய மாட்டுக்குத்தான் கூடுதல். புல்லை மட்டும் தின்று நிதானமாக வளரும் மாடு இரண்டரை வயதுக்குள் தேவையான கொழுப்போடு தயாராவது கடினம். ஆக, குறியீடு புல்லைப் புகழ்கிறது, பணம் அடர்தீவனத்துக்குப் போகச் சொல்கிறது. தரம் வகுக்கிறவர்கள் இந்த முரணைத் தொடாமல் விட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

220 நாள் விதியிலும் இதே கோளாறு இருக்கிறது. தெற்கே கார்க், வெக்ஸ்ஃபோர்டு பக்கம் மண் சீக்கிரம் காயும், 220 நாள் சுலபம். வடமேற்கே லீட்ரிம் பக்கம் களிமண், சொதசொதவென்று இருக்கும். மாட்டை விட்டால் வயலே சேறாகிவிடும் என்று சீக்கிரமே உள்ளே ஓட்டிவிடுவார்கள். ஆனால் தாய்ப்பசுவோடு கன்றை விட்டு, அடர்தீவனம் அதிகம் போடாமல் வளர்ப்பவர்கள் நிறைந்த பகுதியும் அதுதான். நாளை எண்ணினால் அவர்கள் பின்தங்குவார்கள், தின்றதை எண்ணினால் முன்னால் நிற்பார்கள்.

மற்ற இடங்களைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்க வேளாண் துறை 2007ல் புல் மட்டுமே தின்ற மாட்டுக்கு ஒரு தரம் வகுத்தது. பால்குடி மறந்த பிறகு தானியமே கூடாது என்ற கறாரான விதி. 2016 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி மாட்டிறைச்சிக் குறியீடு 70 சதவீதத் தீவனப்புல் என்று கேட்கிறது. கேட்க 90ஐ விடக் குறைவாகத் தெரியும். எந்த எடையில் என்று சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

கணக்கெடுக்கும் முறையும் மாற வேண்டும். இப்போது ஒவ்வொரு மாட்டுக்கும் தனியாக அளப்பதில்லை. 18 மாதத்துக்கு ஒருமுறை வரும் தர ஆய்வில் எவ்வளவு தீவனம் வாங்கினார்கள், எப்போது வெளியே விட்டார்கள் என்று பதிந்து, அதை வைத்து மந்தைக்கு ஒரு சராசரி போடுகிறார்கள். மாட்டுக்கு மாடு அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, அது புரிகிறது. ஆனால் சராசரியில் கடைசி மூன்று மாதம் மறைந்துபோகிறது. வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது பெரும்பாலும் அதைத்தான்.

புவிசார் குறியீட்டின் விதிகள் கல்வெட்டு அல்ல. உற்பத்தியாளர் குழு விண்ணப்பித்துத் திருத்தலாம், அதற்கு ஐரோப்பியச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தக் குழுவில் ஆலைகளின் குரல் மட்டும் ஓங்கிவிடாமல் விவசாயிகளுக்குச் சம பலம் இருக்க வேண்டும். முதல் திருத்தமாக உலர் எடைக் கணக்கைக் கொண்டுவரட்டும். எண் 90ஐ விட இறங்கினால் இறங்கட்டும், நான் அப்போதும் வாங்குவேன். கடைசி மூன்று மாதத்துக்குத் தனி வரம்பு வைத்து, அதைக் கடைப்பிடிக்கும் விவசாயிக்கு 36 மாதம் வரை ஊக்கத்தொகையை வெட்டாமல் கொடுக்கட்டும். இந்தத் தீவில் மாடு வளர்ப்பவர்கள், ஆலையில் வேலை செய்பவர்கள் யாராவது நண்பர்கள் பட்டியலில் இருந்தால், விதி உங்கள் இடத்தில் எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள்.