2001-க்கு முன்பே சட்டம் இருந்தது
அண்ணா, வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் விமான நிலையம் பற்றிய பேச்சில், '2001-ல் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதலுக்குப் பிறகுதான் விமானக் கடத்தலுக்கு உலகச் சட்டமே வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

விமானத்தில் நடக்கும் குற்றங்கள் பற்றி நாடுகள் சேர்ந்து போட்ட டோக்கியோ ஒப்பந்தம் 1963-லேயே வந்துவிட்டது. ஆனால் கடத்தியவரைத் தண்டித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 1970-ல் வந்த ஹேக் ஒப்பந்தம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. கடத்தியவர் பிடிபட்ட நாடு அவரை உரிய நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கைத் தன் அதிகாரிகளிடமே கொண்டுபோக வேண்டும். நழுவ வழியில்லை. அப்புறம் 1971-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம், விமானத்தில் குண்டு வைப்பது போன்ற நாசவேலைகளுக்காக. இந்தியாவும் 1982-ல் தனிச்சட்டம் போட்டது. இப்போது இருப்பது 2016-ன் சட்டம்.

2001-க்குப் பிறகு விமானி அறைக் கதவும் சோதனையும் இறுகியது உண்மைதான். குடியாத்தம், காட்பாடி பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பார்ப்பார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.