புயலில் விழுந்த கட்டையில் காளான்: ஒரு திருத்தம்

"புயலில் விழுந்த மரக்கட்டையை மொட்டைமாடியில் நனைத்து வைத்தால் ஷிடாக்கே (கட்டையில் வளர்க்கும் உண்ணத்தக்க காளான்) முளைக்கும், பூண்டோடு கொதிக்கவைத்துக் கறுக்காவிட்டால் சாப்பிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

பூண்டுச் சோதனை வெறும் நம்பிக்கைதான். அமனிட்டா என்ற காளான் இனத்தின் சில வகைகளில் உள்ள கொடிய நஞ்சு கொதித்தாலும் அழியாது; பூண்டையும் கறுக்கச் செய்யாது. வாந்தி தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும்.

ஷிடாக்கேக்குப் புதிதாக வெட்டிய கட்டையில் துளையிட்டுக் காளான் வித்து (காளான் இழை படர்ந்த விதைப்பொருள்) அடைக்க வேண்டும். முதல் அறுவடைக்கு 6 மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். கிடந்து உளுத்த கட்டையில் வேறு பூஞ்சைகள் முன்பே குடியேறியிருக்கும். முளைப்பது எதுவென்று யாருக்குத் தெரியும்?

சென்னை வெயிலுக்கு ஏற்றது பால் காளான். 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வளரும். பெரம்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறை ஓரம், வேகவைத்த வைக்கோல் பையில்தான் வளர்க்கிறேன். வித்து பரவிய பின் மேலே மண் பரப்பித் தண்ணீர் தெளித்தால், வெள்ளை மொட்டுகள் சுண்டுவிரல் நுனியளவில் மண்ணைப் பிளந்து வரும்.